கால் டாலர்: அழகு உண்டு, எண்தான் இல்லை

காவடி முடிந்த மூன்றாம் நாள் மொரீஷியஸில் எங்கள் கோவிலில் உண்டியல் எண்ணுவோம். நீள மேஜையில் பழைய வேட்டி ஒன்றை விரித்து ஆறேழு பேர் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். இருபது ரூபாய்க் காசு ஒரு குவியல், ஏழு முனை வைத்த பத்து ரூபாய்க் காசு ஒரு குவியல், பனைமரம் போட்ட ஐந்து ரூபாய் ஒரு குவியல் என்று பிரித்துக்கொண்டே போனால், கடைசியில் எந்தக் குவியலிலும் சேராமல் ஒரு கை நிறையக் காசு மிஞ்சும். யூரோ சென்ட், இந்திய ரூபாய், தென்னாப்பிரிக்க ராண்ட், அப்புறம் அமெரிக்கக் காசு. இந்தத் தீவுக்கு அமெரிக்கர்கள் அப்படி ஒன்றும் கூட்டமாக வருவதில்லை, ஆனாலும் வருடா வருடம் விழத்தான் செய்கிறது. கப்பலில் வந்து போகிறவர்கள், அங்கே படிக்கப் போய் விடுமுறைக்குத் திரும்பும் நம் பிள்ளைகள், இப்படி யாராவது போட்டுவிடுகிறார்கள்.

பல வருடமாக அதையெல்லாம் ஒரு பெரிய அசார் (ஊறுகாய்) பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்திருந்தோம். இந்த வருடம் பாட்டில் நிரம்பிவிட்டது. பொருளாளர் அண்ணன் அதைத் தூக்கி என் முன்னால் வைத்து, "நீ ஓட்டலில் வேலை பார்த்தவன், இந்த வெளிநாட்டுச் சனியன்களை எங்கே மாற்றுவது என்று உனக்குத்தான் தெரியும்" என்று கிரியோலில் சொன்னார் (நாங்கள் பேசிக்கொள்வது அதில்தான், தமிழ் தேவாரத்துக்கும் இந்த மாதிரி எழுத்துக்கும்). எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தாள் மட்டும்தான் எடுப்போம் என்றாள். அடுத்த வங்கியிலும் அதே பதில், நாணயம் மாற்றும் கடையிலும் அதே பதில், அங்கே மட்டும் கொஞ்சம் சிரிப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். டாலர் உலகம் பூராவும் செல்லும் என்கிறார்களே, அது தாளுக்கு மட்டும். காசு அந்த நாட்டு எல்லையைத் தாண்டியதும் வெறும் உலோகத் துண்டு. இது அமெரிக்கக் காசுக்கு மட்டும் உள்ள குறை இல்லை, நம் ஊர் ரூபாய்க் காசைக் கொண்டுபோய்ச் சென்னையில் நீட்டினாலும் இதே கதைதான், எடைக்குச் சுமந்து அனுப்பக் கட்டுப்படியாகாது என்று எவரும் தொடமாட்டார்கள்.

சரி, மாற்ற முடியாத பொருளை என்ன செய்வது, உட்கார்ந்து பார்க்கலாம் என்று பார்த்தேன். ஒரு வாரம் ராத்திரி ராத்திரி சாப்பாட்டு மேஜையில் கொட்டிப் பார்த்ததில் வந்ததுதான் இந்த விமர்சனம். பாட்டிலில் பென்னி (ஒரு சென்ட்), நிக்கல் (ஐந்து சென்ட்), டைம் (பத்து சென்ட்) என்று எல்லாம் இருந்தது. நான் எழுதப்போவது கால் டாலரைப் பற்றி, அதாவது குவார்ட்டர். தமிழ்நாட்டு வாசகர்கள் அந்தச் சொல்லுக்குச் சிரிக்க வேண்டாம்.

கையில் எடுத்ததும் பிடித்துப்போகிற காசு அது. 24.26 மில்லிமீட்டர் குறுக்களவு, 5.67 கிராம் எடை. விரலிடுக்கில் உருட்டினால் சரியாக உட்காருகிறது, பாக்கெட்டில் கனக்கவில்லை, கைதவறி விழுந்தால் விழுந்தது என்று தெரிகிற சத்தம் வருகிறது. விளிம்பு முழுக்க வரி வரியாக வெட்டு, மொத்தம் 119 வரி. நான் எண்ணவில்லை, எண்ண முயன்று நாற்பதில் விட்டுவிட்டேன். வெள்ளிக் காசு காலத்தில் ஓரத்தைச் சுரண்டித் திருடாமல் இருக்கப் போட்ட வரி அது. சுரண்டினால் வரி அழிந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்போது சுரண்ட வெள்ளி இல்லை, ஆனால் வரி இருக்கிறது, கண் தெரியாதவர்களுக்கு அது உதவுகிறது என்பதும் உண்மை, ஏனென்றால் பென்னிக்கும் நிக்கலுக்கும் விளிம்பு வழவழப்பு, டைமுக்கும் குவார்ட்டருக்கும் சொரசொரப்பு.

விளிம்பைப் பக்கவாட்டில் திருப்பி விளக்கில் பிடித்தால் நடுவே ஒரு செம்புக்கோடு தெரியும். முழுச் செம்புத் தகட்டுக்கு இரண்டு பக்கமும் செம்பு-நிக்கல் கலவையை ஒட்டியிருக்கிறார்கள், இரண்டு ரொட்டிக்கு நடுவே வெண்ணெய் மாதிரி. 1964 வரை இது 90 சதவீத வெள்ளி, 6.25 கிராம். வெள்ளி விலை ஏறி, நாட்டில் சில்லறையே கிடைக்காமல் போனபோது 1965-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் காலத்தில் சட்டம் போட்டு வெள்ளியை எடுத்துவிட்டார்கள். ஏன் இந்த ரொட்டி-வெண்ணெய்க் கலவை? அந்த நாட்டில் அப்போதே மூலைக்கு மூலை காசு போட்டால் பொருள் தள்ளும் இயந்திரங்கள். அவை காசின் மின்கடத்தும் தன்மையை வைத்து நல்லதா கள்ளதா என்று பார்க்கும். வெள்ளிக்காசு மாதிரியே இயந்திரத்தை நம்பவைக்கும் கலவை வேண்டும், எல்லா இயந்திரத்தையும் மாற்ற முடியாது. மனுஷனை ஏமாற்றுவது சுலபம், இயந்திரத்தை ஏமாற்றத்தான் யோசித்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வெள்ளிக் காலத்து எடைக் கணக்கை அவர்கள் விடவே இல்லை. டைம் 2.268 கிராம், குவார்ட்டர் 5.67. அதாவது பத்து டைமும் நாலு குவார்ட்டரும் ஒரே எடை, இரண்டும் ஒரு டாலர், 22.68 கிராம். அதனால் டைமையும் குவார்ட்டரையும் எண்ணவே வேண்டாம், கலந்து தராசில் போட்டால் போதும். என் மனைவி கேக் செய்ய மாவு நிறுக்கும் தராசில் அறுபது குவார்ட்டரையும் ஐம்பது டைமையும் சேர்த்து வைத்தேன். கணக்குப்படி 453.6 வர வேண்டும், 452 காட்டியது. தேய்மானத்தில் ஒன்றரைக் கிராம் போயிருக்கிறது, யார் யார் விரலில் ஒட்டிக்கொண்டதோ. இருபது டாலர். மனைவி தராசைக் கழுவி வைக்கச் சொன்னாள்.

இப்போது குறைக்கு வருகிறேன். பெரிய குறை. இந்தக் காசில் எண் இல்லை!

திருப்பித் திருப்பிப் பாருங்கள், 25 என்பது எங்கேயும் கிடையாது. இங்கிலீஷில் "கால் டாலர்" என்று எழுத்தால் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். டைம் இன்னும் மோசம், "ஒரு டைம்" என்று மட்டும் போட்டிருக்கும், பத்து சென்ட் என்றுகூட இல்லை. அதற்கு மேல் ஐந்து சென்ட் நிக்கலைவிடப் பத்து சென்ட் டைம் அளவில் சின்னது. வெள்ளியாக இருந்தபோது எடைக்கு ஏற்ற மதிப்பு, அதனால் சின்னதாக இருந்தது, அது நியாயம். வெள்ளி போன பிறகும் அந்த அளவை வைத்துக்கொண்டிருந்தால் புதிதாக வருகிறவன் என்ன செய்வான்? முதல்முறை அந்த ஊருக்குப் போய்க் கடையில் வரிசையில் நின்றுகொண்டு கையில் உள்ள நாலு விதக் காசையும் உற்று உற்றுப் பார்த்து, பின்னால் நிற்கிறவர் பெருமூச்சு விட, கடைசியில் கையை நீட்டி நீயே எடுத்துக்கொள் அம்மா என்று காட்டும்படி ஆகிவிடும். நம் ஊர்க் காசைப் பாருங்கள், ஒரு பக்கம் நாட்டின் முதல் பிரதமர் சர் சிவசாகர் ராம்கூலம், மறுபக்கம் கொட்டை எழுத்தில் எண். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி எண்ணைப் பார்த்து, மானைப் பார்த்து அரை ரூபாய் என்று எடுத்துக் கொடுப்பார். வடிவமைப்பு என்றால் அது. குவார்ட்டரை வடிவமைத்தவர்கள் தங்கள் ஊர்க்காரன் மட்டும்தான் இதைத் தொடுவான் என்று நினைத்திருக்கிறார்கள்.

கால் என்ற கணக்கு மட்டும் நமக்கு அந்நியமில்லை. பதினாறு அணா ரூபாய்க்கு நாலணா கால் ரூபாய், நம் தீவிலும் ஒரு காலத்தில் கால் ரூபாய்க் காசு இருந்தது. அமெரிக்கர்கள் பழைய ஸ்பானிய டாலரை எட்டுத் துண்டாகக் கணக்கிட்ட பழக்கத்தில் குவார்ட்டரை "இரண்டு பிட்" என்றும் சொல்வார்கள். பத்தால் வகுக்கிற காசில் கால் வந்து குந்திக்கொண்டதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

முகப்பக்கம் வாஷிங்டன். 1932-ல் அவர் பிறந்து 200 வருடம் ஆனதற்காக வெளியிட்ட காசு. சிற்பி ஜான் ஃபிளானகன் செய்த இடப்பக்கம் பார்க்கும் முகம். கழுத்து வரை வெட்டி, தலைமுடியைப் பின்னால் கட்டி, யாரையும் பார்க்காத ஒரு பார்வை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது அரசாங்க முகம், முத்திரைத்தாள் மாதிரி. இதில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அப்போதே நடுவர் குழு விரும்பியது லாரா கார்டின் ஃபிரேசர் என்ற பெண் சிற்பியின் வடிவத்தை. நிதி அமைச்சர் ஆண்ட்ரூ மெலன் அதை ஒதுக்கிவிட்டு ஃபிளானகனுடையதை எடுத்தார். அந்தம்மாவின் வாஷிங்டன் கடைசியில் 2022-ல்தான் குவார்ட்டரில் ஏறியது, வலப்பக்கம் பார்த்தபடி. தொண்ணூறு வருடம். என் பாட்டிலில் அந்த வலப்பக்க முகம் ஆறு இருந்தது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஃபிரேசர் முகத்தில் தாடையும் கழுத்தும் உயிரோடு இருக்கிறது, மனுஷன் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. குழு சொன்னதுதான் சரி, மெலன் சொன்னது தப்பு. என் ஓட்டும் அந்தம்மாவுக்கே.

காசில் யாருடைய முகம், எந்த எழுத்து எதற்கு மேலே என்பதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் எங்கள் தீவுக்கு வந்து கேட்கலாம். 1998-ல் பாங்க் ஆஃப் மொரீஷியஸ் புது நோட்டு அச்சடித்தபோது தமிழ் வரியை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். அதுவரை தமிழ்தான் மேலே. நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை, ஊரே கொதித்தது. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, அடுத்த வருடம் வரிசையைச் சரிசெய்து வேறு நோட்டு விட்டார்கள். அதனால் ஒரு விரற்கடை உலோகத்தில் என்ன போடுவது என்று அமெரிக்கர்கள் சண்டை போட்டதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்பக்கம்தான் குவார்ட்டரின் விருந்து. ஆரம்பத்தில் இறக்கை விரித்த கழுகு, பல பத்தாண்டுக்கு அதேதான், நடுவில் சுதந்திரத்தின் 200-வது ஆண்டுக்கு மட்டும் மேளம் அடிக்கும் ஒரு போர்வீரன், தேதி 1776-1976 என்று இரட்டையாக. 1999-ல் திடீரென்று வீட்டைத் திறந்துவிட்டார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு படம், வருடத்துக்கு ஐந்து, பத்து வருடத்தில் ஐம்பது. அது முடிந்ததும் 2009-ல் தலைநகரத்துக்கும் ஐந்து ஆட்சிப்பகுதிகளுக்கும் ஆறு. 2010 முதல் 2021 வரை பூங்காக்கள், வரலாற்று இடங்கள் என்று 56. 2022 முதல் 2025 வரை பெண்கள் இருபது பேர், முதல் ஆள் கவிஞர் மாயா ஏஞ்சலோ. இதில் அரசாங்கத்துக்கு ஒரு சூட்சுமமும் உண்டு: ஜனங்கள் ஒவ்வொரு படத்திலும் ஒன்றை எடுத்து ஒளித்துவைத்துக்கொள்ள, செலவழிக்காத ஒவ்வொரு காசும் கஜானாவுக்கு லாபம். 2024 நிதியாண்டுக் கணக்கில் ஒரு குவார்ட்டர் செய்ய 14.68 சென்ட் செலவு, வெளியே கொடுப்பது 25-க்கு. ஆனால் அதே வருடம் ஒரு பென்னிக்கு 3.69 சென்ட் செலவு, நிக்கலுக்கு 13.78. ஒரு சென்ட் காசைச் செய்ய மூன்றரைக்கு மேல்! அதனால்தான் 2025-ல் புழக்கத்துக்குப் பென்னி அடிப்பதை நிறுத்தினார்கள்.

படங்களின் தரம் கோவில் கோபுரத்துப் பொம்மைகள் மாதிரி, சிலது கண்ணை எடுக்க முடியாது, சிலது எதற்கு என்றே தெரியாது. நிறைய மாநிலங்கள் எங்களிடம் இதுவும் உண்டு அதுவும் உண்டு என்று எல்லாவற்றையும் திணித்திருக்கிறார்கள். ஆர்கன்சாஸ் காசில் வைரம், நெல், ஏரி, பறக்கும் வாத்து, அத்தனையும் ஒரு இஞ்ச் வட்டத்துக்குள். மளிகைக்கடை காலண்டர். விஸ்கான்சினில் மாட்டுத்தலை, சீஸ் உருண்டை, சோளம். கனெக்டிகட் மட்டும் ஒரே ஒரு பழைய ஓக் மரத்தை வட்டம் நிறைய விரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது, அதனாலேயே அழகு. ஐம்பதாவதாக வந்த ஹவாய்க் காசில் கமேஹமேஹா மன்னர் கை நீட்டி நிற்கிறார், பக்கத்தில் தீவுகள். தீவுக்காரன் என்ற பாசத்தில் அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

ஆனால் என் வீட்டில் எல்லாரும் கையிலிருந்து கைக்கு வாங்கிப் பார்த்தது வேறு ஒன்று. 2020-ல் அமெரிக்கன் சமோவா தேசியப் பூங்காவுக்காக வந்த குவார்ட்டர். தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால், நெஞ்சில் குட்டியை அணைத்தபடி. நான் பார்த்த காசுகளிலேயே துணிச்சலான படம் இதுதான். இங்கே இதைக் காட்டினால் என்ன நடக்கும் என்று நீங்கள் யூகிக்கலாம். லிச்சி மரத்துக்கு வலை கட்டிக் கட்டிக் கை வலித்துப்போன என் மச்சான், "இதைக் காசில் வேறு போடுவார்களா, பைத்தியக்காரன்கள்!" என்று மேஜையில் எறிந்தார். இந்தத் தீவில் நம் சொந்த வௌவாலை, வேறெங்கும் அதிகம் இல்லாத அந்த உயிரை, 2015-லிருந்து அரசாங்கமே ஆள் விட்டுச் சுட்டது, லிச்சியும் மாம்பழமும் தின்கிறது என்று. டோடோவைச் சின்னத்தில் வைத்துக் காசில் அடித்துக்கொண்டிருக்கிறோம், அது போய் முன்னூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருக்கும்போதே வௌவாலைக் காசில் போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மச்சானிடம் அதைச் சொல்லவில்லை, டிசம்பரில் லிச்சி வேண்டும்.

இனி மதிப்பு. இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். பாட்டில் என்னிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் தெருவில் இரண்டு பேர், இன்டர்நெட்டில் பார்த்தேன், பழைய குவார்ட்டர் ஒன்று ஆயிரக்கணக்கான டாலர் போகிறதாம் என்று வந்து நின்றார்கள். போகும், ஆனால் உன்னுடையது போகாது. இருப்பதிலேயே தேடப்படுகிறவை 1932-ல் டென்வரிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அடித்தவை, காசில் டி அல்லது எஸ் எழுத்து இருக்கும், முதலாவது 4,36,800, இரண்டாவது 4,08,000 மட்டுமே. 1964-க்கும் அதற்கு முந்தியதும் என்றால் வெள்ளி, அன்றைய வெள்ளி விலைக்கு எடை போட்டு வாங்குவார்கள். 2019, 2020-ல் டபிள்யூ எழுத்தோடு (வெஸ்ட் பாயின்ட் நாணயசாலையில் அடித்தது) வந்தவை ஒவ்வொன்றும் இருபது லட்சம்தான், சேகரிப்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுப்பார்கள். 2004 விஸ்கான்சின் காசு சிலதில் சோளத்துக்கு ஒரு இலை அதிகம், அது தவறாக அடித்தது, அதற்கும் விலை உண்டு. மற்றபடி மேளக்காரன் ஆனாலும் ஐம்பது மாநிலம் ஆனாலும் கோடிக்கணக்கில் அடித்தவை, மதிப்பு 25 சென்ட். நம் காசுக்குப் பதினோரு ரூபாய் சொச்சம், அதுவும் வாங்க ஆள் இருந்தால்.

நானும் பார்க்காமல் இருக்கவில்லை. அறுபதையும் ஒவ்வொன்றாக விளிம்பு பார்த்தேன், எல்லாவற்றிலும் செம்புக்கோடு. விஸ்கான்சின் இரண்டு இருந்தது, பூதக்கண்ணாடி வைத்து இலையை எண்ணினேன். சரியான இலைதான்.

தீர்ப்பு என்றால், கைவேலைக்கு ஐந்துக்கு நாலு, பயன்படுத்தும் வசதிக்கு இரண்டு, நாட்டுக்கு வெளியே பூஜ்யம். எங்கேயாவது கடையில் மாநிலக் குவார்ட்டர் ஐம்பதும் அட்டை ஆல்பத்தில் வைத்து அரிய சேகரிப்பு என்று விற்றால், படத்துக்காக ஆசைப்பட்டு வாங்குங்கள், பேரப்பிள்ளைக்குச் சொத்து என்று வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பன்னிரண்டரை டாலர்.

அப்புறம் பாட்டில் என்ன ஆயிற்று? பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி சிகாகோவில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். பேச்சுவாக்கில் சொன்னதும் துள்ளிவிட்டாள். "மாமா, எங்கள் கட்டடத்தில் துணி துவைக்கிற மெஷின் குவார்ட்டர் மட்டும்தான் சாப்பிடும். நாற்பது காசு சுருட்டி வைத்த ரோல் பத்து டாலருக்கு வங்கியில் வரிசையில் நின்று வாங்குகிறேன். இங்கே சும்மா வைத்திருக்கிறீர்களே!" மளிகை வண்டி எடுக்கக்கூட ஆல்டி கடையில் ஒரு குவார்ட்டர் சொருக வேண்டுமாம், வண்டியைத் திருப்பி விட்டால் காசு திரும்ப வரும். எங்கள் தீவில் ஆயிரம் பேர் கைமாறியும் விலைபோகாத பொருளுக்கு அங்கே துவைக்காத துணியோடு ஆள் காத்திருக்கிறார்கள்.

ஐம்பத்தாறு எடுத்துக்கொண்டாள். பதினாலு டாலருக்கு அறுநூற்று முப்பது வர, நூறு ரூபாய் நோட்டு ஏழாகக் கொடுத்தாள், ஏழிலும் நம் தமிழ்த் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் படம். நேரே உண்டியலில் போட்டாயிற்று. நாலு குவார்ட்டரை நான் வைத்துக்கொண்டேன்: மேளக்காரன், ஹவாய், மாயா ஏஞ்சலோ, வௌவால். அதற்கு என் பாக்கெட்டிலிருந்து ஐம்பது ரூபாய் போட்டேன், கோவில் காசில் ஓசி கூடாது. டைமை மெஷின் சாப்பிடாது என்று அவள் தொடவில்லை.

டைம் ஐம்பது, நிக்கல் கொஞ்சம், பென்னி இருநூறுக்கு மேல், அதே அசார் பாட்டிலில் இருக்கிறது. யாராவது அந்தப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பாட்டிலைக் கழுவிக் கொடுக்கிறேன்.